மைப் பென்சில் சீவ நல்லதாக ஒன்று

பெட்டியைத் திறந்ததும் மேக்கப் அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

உள்ளே கைப்பிடி வைத்த ஓர் இயந்திரம் உட்கார்ந்திருந்தது. மேஜை விளிம்பில் திருகி மாட்டி, ஒரு பக்கம் பென்சிலைச் செருகி, மறுபக்கம் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பெரிய அலுவலகங்களில் இருக்குமே, அந்த வகை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஸ்டோர்க்காரரின் உருண்டை எழுத்து: "ஒப்பனை அறைக்கு. கூராக்கும் கருவி – 1."

ஒருவேளை உதவுமோ என்று ஒரு நப்பாசை. கண்ணுக்கு மை தீட்டும் பென்சில்களில் முனை மழுங்கிய ஒன்றைச் செருகி இரண்டு சுற்றுச் சுற்றினாள். உள்ளே நறநறவென்று சத்தம். இழுத்துப் பார்த்தால் பாதிப் பென்சிலைக் காணோம். மீதிப் பாதியில் மரம் பிளந்து, மை வெயிலில் வைத்த மெழுகு மாதிரிப் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"நல்லா இருக்கு. சாப்பிட்டுட்டு ஏப்பம் விடாத குறைதான்," என்று இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அது ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நிலையம். செய்தி வாசிப்பவர்களுக்கு முகம் தீட்டுவது பதினோரு வருடமாக அவள் வேலை. அவளை எல்லாரும் மேக்கப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயது நிர்வாகிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு எந்தக் கணக்கில் தான் அக்கா ஆனோம் என்று அவளும் கேட்டதில்லை.

அந்த நிர்வாகி கையெழுத்திட்ட கடிதம்தான் மூன்று நாளாக அவள் கைப்பையில் கிடந்து உறுத்துகிறது. அலட்சியத்தால் ஒரு செய்தி வாசிப்பாளரின் கண்ணைக் காயப்படுத்தியதற்காக உங்களை ஒப்பனை அறையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் விளக்கவும். இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று.

நடந்தது இதுதான்.

கண் மைப் பென்சிலைப் பள்ளிக்கூடப் பென்சில் மாதிரி சீவ முடியாது. அதன் மரம் மிருது, உள்ளே இருக்கும் மை அதைவிட மிருது. ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். தகடு உண்மையிலேயே கூர்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீவாது, பிய்க்கும். அவளிடம் இருந்த ஷார்ப்னர் அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அங்கே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அதன் தகடு துருப்பிடித்து விழுந்தது. கடையில் போய் ஒன்று வாங்கி வந்தால் முடிந்தது என்று நினைக்கலாம். முடியாது. யாரோ ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த பசையால் ஒரு நடிகருக்குக் கன்னம் வீங்கியதிலிருந்து, முகத்தில் படும் எதுவானாலும், அதைத் தொடும் கருவி எதுவானாலும், ஸ்டோர் வழியாகத்தான் வர வேண்டும் என்று விதி.

ஸ்டோருக்கு எழுதுவதிலும் ஒரு விதி. நாம் தமிழ் வளர்க்கும் நிலையம், ஆகவே விண்ணப்பங்கள் எல்லாம் கலப்பில்லாத தமிழில் இருக்க வேண்டும் என்று நிர்வாகி சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஷார்ப்னருக்கு நல்ல தமிழ் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் வாயில் வந்ததையே எழுதினாள்: "மைப் பென்சில் சீவ நல்லதாக ஒன்று."

பத்து நாள் கழித்து ஒரு டஜன் சீப்பு வந்தது.

இரண்டாவது தடவை தெளிவாக எழுதினாள். "மைப் பென்சிலைக் கூராக்க ஒரு கருவி. சீப்பு வேண்டாம்." அந்தத் தாள் சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "மை இருந்தால் அது பேனா. பென்சிலுக்கு மை எதற்கு? விளக்கம் தேவை."

அதுவரை சவர பிளேடால் சமாளித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் வந்த அன்றும் பிளேடால்தான் சீவினாள். நாற்காலியில் இருந்தது செய்தியம்மா. இருபது வருடமாக மதியம் ஒரு மணிச் செய்தி வாசிப்பவர். கீழ் இமையின் உள்விளிம்பில் கோடு இழுத்தபோது, பென்சில் முனையை ஒட்டி நின்ற ஒரு மரச் சிலும்பு கண்ணைக் கீறிவிட்டது. தலைமுடி அளவு சிலும்புதான். அன்று முழுச் செய்தியையும் அவர் ஒரு கண்ணில் தண்ணீர் வடிய வடிய வாசித்தார். செய்தியம்மா வீட்டில் ஏதாவது துக்கமா என்று பார்த்தவர்கள் தொலைபேசியில் விசாரித்தார்கள். கண் டாக்டர் ஒரு வாரம் ஓய்வு சொல்லிவிட்டார். மறுநாளே மூன்றாவது சீட்டு எழுதினாள், "மைப் பென்சிலைக் கூராக்கும் கருவி – 1, உடனே" என்று; அதற்குத்தான் இன்று இந்த இயந்திரம் வந்திருக்கிறது.

வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் நாத்தனார் விளக்கக் கடிதத்தை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டாள். சீப்பு, சிவப்பு மைக் கேள்வி, தேதி, எல்லாம் வரிசையாக இருந்தன.

"கையெழுத்துப் போட்டு நீட்டுங்க அண்ணி. எங்க வக்கீலே படிச்சாலும் இதுல ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. அந்த ஸ்டோர் மனுஷன் நாளைக்கு வீட்டுல உக்காந்து அந்தச் சீப்பால தலை சீவிக்கட்டும்."

"அவருக்குத் தலையில முடியே இல்லடி."

"அப்ப இன்னும் நல்லது. சும்மா உக்காரட்டும்."

கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் ஒரு வரி குறைந்தது. அதை நாத்தனாரிடம் அவள் சொல்லவில்லை, கணவனிடமும் சொல்லவில்லை. காலையில் கடவுளை நினைத்துக் கைகூப்பும்போது அந்த வரி தொண்டை வரை வரும். உடனே ஸ்டோர்க்காரரை மனதுக்குள் திட்ட ஆரம்பித்துவிடுவாள். கோபம் இருக்கும்வரை வேறெதுவும் உள்ளே நுழைய முடியாது. கோபத்தில் அப்படி ஒரு வசதி உண்டு.

இப்போது அந்தக் கைப்பிடி இயந்திரத்தை இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் தரைக்குக் கீழே இருந்த ஸ்டோருக்கு இறங்கினாள்.

ஸ்டோர்க்காரரைச் சாவியண்ணன் என்பார்கள். நாற்பது அலமாரிகளின் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கும். அவர் வருவது தெரிவதற்கு முன் சத்தம் வந்துவிடும். ஐம்பத்தைந்து வயது. சீட்டில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்துவிட்டுத்தான் எதையும் எடுப்பார். பதினோரு வருடத்தில் மேக்கப் அக்கா அவரிடம் பேசியதே இல்லை. சீட்டு தட்டில் விழும், பொருள் மேலே வரும்.

இயந்திரத்தை மேஜைமேல் டொம்மென்று வைத்தாள்.

"இது என்ன அண்ணே?"

அவர் கண்ணாடியை மூக்கில் தூக்கிவிட்டுப் பார்த்தார். "கூராக்கும் கருவி. நீ கேட்டதுதானேம்மா?"

"நான் கேட்டது கண்ணுக்கு. இத வெச்சு மரத்தூண சீவலாம்."

"கண்ணுக்குன்னு எங்க எழுதின? சீட்டக் காட்டு."

"மைப் பென்சில்னு எழுதியிருக்கேன். மைன்னா என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுமே. பேனா மை, முத்திரை மை, பிரிண்டர் மை. பதினாறாவது அலமாரி. அதுல எத நான் பென்சிலுக்கு ஊத்தறது?"

"உங்க வீட்டுல பொம்பளைங்க யாரும் கண்ணுக்கு மை வைக்கறதில்லையா?"

"வைப்பாங்க. அவங்க எனக்குச் சீட்டு எழுதறதில்ல."

மேக்கப் அக்காவுக்குக் காது மடல் சிவந்தது. "சரி, அந்தச் சீப்பு? பென்சில் சீவ ஒண்ணு கேட்டா ஒரு டஜன் சீப்பு அனுப்புவீங்களா? பென்சிலுக்கு நான் நடுவகிடு எடுக்கணுமா?"

"மேக்கப் ரூம்லேருந்து 'சீவ நல்லதாக ஒன்று'ன்னு வந்தா நான் வேற என்னத்த நினைப்பேன்? மைப் பென்சில் ஒண்ணு, சீவறதுக்கு ஒண்ணு, ரெண்டு பொருளுன்னு நினைச்சேன். மைப் பென்சில் இருப்பில்ல, சீப்பு இருந்துச்சு. சின்னப் பல்லா பெரிய பல்லான்னு தெரியல, அதான் கலந்து ஒரு டஜன் அனுப்பினேன். நல்லது செஞ்சேன்னுதான் நினைச்சேன்."

"ஷார்ப்னர் அண்ணே. ஷார்ப்னர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஷார்ப்னரா? அத எழுத வேண்டியதுதானேம்மா?"

"எழுத விட்டாங்களா? தமிழ் வளக்கறோமாம்." அவள் கைப்பையிலிருந்து நிர்வாகியின் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். "உங்க சிவப்பு மைக் கேள்வியால என் வேலை போகப் போகுது. படிங்க. மூணு தடவை படிங்க."

அவர் மூன்று தடவை படித்தார். பிறகு, "அந்தப் பென்சிலக் கொண்டா," என்றார்.

பிளேடால் சீவிய அதே பென்சில் அவள் மேலங்கிப் பையில் இருந்தது. அவர் சட்டைக் கையை மடித்து முன்கையை நீட்டினார். "கண்ணுல எப்படிப் போடுவியோ அப்படிப் போடு. எனக்குத் தெரியணும்."

ஆத்திரத்தில் கொஞ்சம் அழுத்தித்தான் இழுத்தாள். கறுப்புக் கோட்டின் ஓரத்திலேயே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"இதையா அந்தம்மா கண்ணுல வெச்ச?"

"வேற வழி?"

"இங்க வர்ற சாமான நான் ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாத்துதான் உள்ள எடுப்பேன். நீ முதல்ல உன் கையில போட்டுப் பாக்க மாட்டியா?"

கடிதத்தில் குறைந்த அந்த ஒரு வரி அதுதான். ஒவ்வொரு தடவையும் பென்சிலைச் சீவியதும் தன் புறங்கையில் நாலு சுற்றுச் சுற்றி, முனையை உருட்டி, மெல்லிய தாளில் துடைத்த பிறகுதான் அடுத்தவர் கண்ணருகே கொண்டுபோவாள். பதினோரு வருடத்தில் ஒரே ஒரு நாள் தவறியது. அந்தச் சிவப்பு மைத் தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்த கையோடு, அவரை மனதில் வைதுகொண்டே பென்சிலைச் சீவி, நேராகக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"பாத்தேன்," என்றாள்.

"பாத்துமா கீறுச்சு? அப்ப சாமான்லதான் தப்பு. சாமானுக்கு நான்தான் பொறுப்பு." அவர் மடித்த கையை இறக்கிவிடாமலே எழுந்தார். "வா. மதிய இடைவேளைக்குள்ள கடையப் பாத்துட்டு வந்துடலாம். எது சரின்னு நீ சொல்லு, கையெழுத்த நான் போடறேன்."

இவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பதிலுக்குப் பதில் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படி ஏறும்போது அவள் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. யார் மேல் என்பதுதான் குழப்பமாக இருந்தது.

முதல் கடை எழுதுபொருள் கடை. மீன், கார், ஆமை என்று விதவிதமான வடிவத்தில் ஷார்ப்னர்கள். ஓட்டையில் மைப் பென்சில் நுழையவே இல்லை. "இழைச்சு ஒல்லியாக்கிட்டு வாங்க," என்றார் கடைக்காரர். "உங்க மூளையவா?" என்று மேக்கப் அக்கா கேட்டுவிட்டு இறங்கினாள்.

இரண்டாவது அழகுசாதனக் கடை. அங்கே இருந்த பெண், பென்சில் வாங்கினால் ஷார்ப்னர் இனாம் என்றாள். இனாம் இனாம் மாதிரியே இருந்தது. பிளாஸ்டிக் உடம்பு, ஆடும் தகடு. இரண்டு சுற்றில் மரம் திப்பித்திப்பியாக வந்தது. சாவியண்ணன் அதையும் தன் முன்கையில் இழுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சார், இது கண்ணுக்குப் போடறது," என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தெரியும்மா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

மூன்றாவது, ஓவியப் பொருள்கள் விற்கும் குறுகலான கடை. உள்ளே இருந்த வயதான பெண் எதுவும் கேட்காமல் பென்சிலை வாங்கி விரலிடையில் உருட்டிப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து கட்டைவிரல் அளவு உலோக ஷார்ப்னர் ஒன்றை எடுத்தார். இரண்டு ஓட்டை. தகடு திருகாணியால் இறுக்கியிருந்தது. தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

"அழுத்தாதீங்க. பென்சில சும்மா புடிச்சுக்கிட்டு ஷார்ப்னரத் திருப்புங்க. வெயில் நாள்ல கொஞ்ச நேரம் பிரிட்ஜில வெச்சுட்டு சீவுங்க, மை குழையாது."

மேக்கப் அக்கா திருப்பினாள். மரம் அறுபடாமல் ஒரே சுருளாக, பூவிதழ் மாதிரி விரிந்து விழுந்தது. சாவியண்ணனின் முன்கை அதற்குள் கோடு போட்ட நோட்டுப் புத்தகமாகியிருந்தது. ஒரு காலி இடம் பார்த்து இழுத்தாள். பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. தோலில் வெறும் கறுப்பு மட்டும்.

"இதான்," என்றார் அவர். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மூணு எடுப்போம். சீட்டுல ஷார்ப்னர்னே எழுதறேன். தமிழ் கோவிச்சுக்காது."

திரும்பி வந்ததும், ஒப்பனை அறையில் அவரை உட்காரவைத்துப் பஞ்சில் எண்ணெய் தொட்டு அந்தக் கோடுகளைத் துடைத்தாள். தண்ணீரில் போகிற மை இல்லை அது. "வீட்டுல கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்," என்று அவர் சிரித்தார். கறுப்பெல்லாம் போனது. முதலில் இழுத்த சிவப்புக் கீறல் மட்டும் போகவில்லை. அவள் கை நின்றது.

"அண்ணே. அன்னைக்கு நான் என் கையில போட்டுப் பாக்கல."

"என்ன?"

"உங்க தாளப் பாத்துட்டுக் கோவத்துல இருந்தேன். பாக்காமலே அந்தம்மா கண்ணுக்குக் கொண்டு போயிட்டேன்."

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "காலையில கேட்டேனே. பாத்தேன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"மூணு கடை. அந்தக் கடைப் பொண்ணு சிரிக்கச் சிரிக்கக் கைய நீட்டிக்கிட்டு நின்னேன். எல்லாம் என்னாலதான்னு நினைச்சு. அந்தம்மா கண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் எப்படித் தூங்குவேன்னு அந்தப் படியேறும்போது நினைச்சேன், தெரியுமா?" மெதுவாகப் பேசுகிறவர்களின் கோபம் பார்க்கக் கஷ்டமானது. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சாவிகள் குலுங்க வெளியே போனார். கதவை அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

மணி இரண்டரை. அவள் நாத்தனார் எழுதித் தந்த கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே புதிதாக ஒன்று எழுதினாள். சீப்பு இருந்தது, சிவப்பு மை இருந்தது. கடைசியில் இதையும் சேர்த்தாள்: "இத்தனைக்கும் பிறகு, முனையை என் கையில் சோதித்திருந்தால் அவர் கண் தப்பியிருக்கும். அன்று நான் கோபத்தில் சோதிக்கவில்லை. அது என் தவறு." நாத்தனார் கேட்டால் ஒரு வாரம் சாப்பாடு இறங்காது என்று நினைத்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

நான்கு மணிக்கு நிர்வாகி அறைக்குள் போனபோது சாவியண்ணன் அங்கே முன்பே நின்றிருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் ஒரு தாள் கொடுத்திருந்தார். நிர்வாகி அதைச் சத்தமாகப் படித்தார்: "சீவ என்றால் சீப்பு என்றும், மை என்றால் பேனா மை என்றும் எடுத்துக்கொண்டேன். மாடி ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுற்றறிக்கை காரணமாக ஒப்பனை அறையினர் ஷார்ப்னர் என்ற சொல்லை எழுத முடியவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கடைசி வரிக்கு வந்ததும் நிர்வாகி இருமினார். அவள் கடிதத்தையும் படித்துவிட்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டிருந்தா எனக்கு வேலை சுலபம்," என்றார். "கண்ணு அவங்களது. திங்கக்கிழமை வர்றாங்க. இத அப்படியே அவங்க கையில கொடுப்பேன். உங்க நாற்காலியில உக்கார அவங்களுக்குச் சம்மதம்னா நீங்க இருங்க. இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல."

வெளியே வந்ததும், "கோவமா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார் சாவியண்ணன். நடந்துகொண்டே, "ஆனா நடந்தத எழுதித்தானே ஆகணும்," என்றார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குச் செய்தியம்மா ஒப்பனை அறைக்குள் வந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. கையில் அந்த இரண்டு தாள்கள் இருந்தன. நாற்காலியில் உட்காராமல் கதவருகே நின்றார்.

"ஆறு நாள் ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு இருந்தேன். இந்த வயசுல கண்ணு போனா எனக்கு வேற என்ன வேலை தெரியும்னு யோசிச்சேன். நீ என்னடான்னா யார் மேலயோ இருந்த கோவத்த என் கண்ணுல காட்டியிருக்க."

"ஆமாம்மா."

"'ஆமாம்மா'ன்னா முடிஞ்சுதா?"

"முடியல."

"பத்து வருஷத்துக்கு மேலா உன் கையில முகத்தக் கொடுத்துட்டு நிம்மதியாக் கண்ண மூடியிருக்கேன். அத நினைச்சாதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது." தாள்களை மேஜைமேல் போட்டார். "இந்தக் கடைசி வரிய நீ எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. ஏன் எழுதின?"

"எழுதாம உங்க முகத்தத் தொட முடியாதும்மா," என்றாள்.

செய்தியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கோவம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காத. போக நாளாகும். அதுவரைக்கும் நான் கண்ணத் தொறந்துதான் வெச்சிருப்பேன். நீ செய்யற ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியணும்."

"சரிம்மா."

அவர் சொன்னபடியே செய்தார். ஷார்ப்னர் திரும்புவதையும், மரச்சுருள் விழுவதையும், முனை அவள் புறங்கையில் உருள்வதையும் கண்ணாடி வழியாகப் போலீஸ்காரர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேக்கப் அக்காவுக்கு வியர்த்தது. மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள். பல நாளுக்குப் பிறகு அந்தப் பேச்சின் நடுவே யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை.

பென்சிலைக் கீழ் இமைக்கு ஒரு நெல் தூரத்தில் நிறுத்தினாள்.

"மேல பாருங்கம்மா."

செய்தியம்மா ஒரு கணம் அவளையே முறைத்தார். பிறகு மேலே பார்த்தார்.